முட்டையாகிப் போன மணமேடை

பழங்காநத்தத்தில், டீக்கடைக்கு மேல்மாடியில் வெள்ளைத்துரை கட்டட வரைபட ஆபீஸ் வைத்திருந்தார். அவர் தொண்டையைச் செருமினால் திருப்பரங்குன்றத்து மயில்கள் அகவுவதை நிறுத்திவிடும். அன்று செருமிவிட்டுத்தான் பேசினார்.

"சமயநல்லூர் மண்டபப் பிளான் பார்ட்டிக்குப் பிடிச்சா நீ இரு, இன்பசேகரா. பிடிக்கலையா, ராதாமணி ஒருத்தியே எனக்குப் போதும்."

இன்பசேகரனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் வீட்டில் 'இன்ஜினியர் மாப்ள' என்று சொல்லி, ஊரிலுள்ள கோழிகளையெல்லாம் குழம்பாக்கித் தின்றிருந்தான். வேலை போனால் அத்தனை கோழியும் வயிற்றுக்குள் கூவும்.

பார்ட்டி உக்கிரபாண்டிக்கு மீசை பெரிது, ஆசை அதைவிடப் பெரிது. பௌர்ணமி நிலா மாதிரி வட்டமான மணமேடை கேட்டிருந்தார். இன்பசேகரனின் கம்ப்யூட்டரில் பழைய வட்டமேடைப் படம் ஒன்று பிளாக்காக இருந்தது. பிளாக் என்றால் பல கோடுகளை ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தது. தொட்டால் மொத்தமும் நகரும். மண்டபத்தின் அகலத்துக்கு மேடை பத்தவில்லை என்று பொட்டலத்தை அகலவாக்கில் மட்டும் இழுத்துவிட்டான். நிலா முட்டையாகிவிட்டது.

அதற்கும் அவனிடம் வைத்தியம் இருந்தது. பொட்டலத்தை வெடித்தால், அதாவது கட்டைப் பிரித்துத் தனித்தனிக் கோடாக்கினால், உள்ளே இருக்கும் வட்டம் பழையபடி வட்டமாக வெளியே வரும் என்று நம்பினான். வெடித்தான். முட்டை முட்டையாகவே வந்தது. ஆரத்தின் அளவைப் போடப் போனால் ஒட்டமாட்டேன் என்றது. முட்டைக்கு ஏது ஒற்றை ஆரம்?

வேறு வழியில்லாமல் பக்கத்து மேசைக்குத் திரும்பினான். ராதாமணி தன் அம்மாவிடம் போனில் சௌராஷ்டிரத்தில் பேசிவிட்டு வைத்ததும், அதே ராகத்தில் பொய்ப் பாஷை பேசிக் காட்டி டீக்கடைவரைக்கும் சிரிக்க வைப்பவன் அவன். நேற்றும் செய்திருந்தான்.

"ஏம்மா ராதாமணி, இந்த முட்டைய என்ன பண்றது?"

அவளுக்கு மருந்து தெரியும். இழுத்ததை அழித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிளாக்கைப் புதிதாக வைத்து, அதன்பிறகு வெடிக்க வேண்டும். மூன்று வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவளோ கருப்பட்டிப் பாகாகக் குழைந்தாள்.

"ஒரு வெடி பத்தாதுண்ணே. மொத்தப் படத்தையும் பிடிச்சு, வெடிக்க வெடிக்க வெடிச்சுக்கிட்டே இருங்க. சேவ் பண்ணி மூடிட்டுத் தொறங்க. அப்பத்தான் செட் ஆகும்."

"தங்கமான பொண்ணும்மா நீ."

"இருக்கட்டும்ணே."

வெடித்தான். கதவு வெடித்தது, ஜன்னல் வெடித்தது. அளவுகள் உதிர்ந்து வெறும் கோடும் எழுத்துமாகப் போயின. சுவருக்குப் போட்ட சாய்கோடுகள் அத்தனையும் சிதறின. அவற்றை எண்ணுவதற்குள் வைகையில் தண்ணீரே வந்துவிடும். சேவ் செய்து மூடித் திறந்தான். முட்டை அப்படியே இருந்தது. மூடித் திறந்ததால், செய்ததை அழித்துத் திரும்பிப் போக வழி மட்டும் இல்லை.

உக்கிரபாண்டி வந்து திரையைப் பார்த்தார்.

"மேடை கெடக்கட்டும், மொதல்ல இந்தச் சுவத்தை அங்கிட்டுத் தள்ளு தம்பி."

தள்ளினான். சுவரில் ஒரேயொரு கோடு நகர்ந்தது. அளவு பழைய எண்ணையே காட்டியது.

"செவரு கெளம்பிருச்சு, நம்பரு வீட்லயே இருக்கே. நெலா கேட்டா அவிச்ச முட்டைய வச்சிருக்கான். துரை, இவனை எங்கிட்டுப் பிடிச்சீரு?"

வெள்ளைத்துரை செருமவில்லை. அதுதான் பயங்கரம்.

"ராதாமணி, நீ புதுசா வரை. ஏப்பா, ஒனக்கு வட்டம் வரைய வராது. வட்டத்துக்கு நடுவுல ஒக்கார வருமா?"

புதுப் பிளான் முடிந்ததும் சமயநல்லூரில் மேடைக்கு வட்டம் போடப் போனார்கள். புதிதாகக் கொட்டியிருந்த மண்ணில் நடு முளைக்குச்சி நிற்கவில்லை. கொத்தனார் சுடலை கடப்பாரையை நட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள இன்பசேகரனை உட்கார வைத்தார். கடப்பாரையில் கட்டிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டபடி சுற்றி வந்தார். வெயில் இரும்பைக்கூட இட்லிமாவாகப் புளிக்க வைக்கும் வெயில். ராதாமணி குடையும் பிளானுமாக நிழலில் நின்றாள். கால்வட்டம்கூட முடியவில்லை, இன்பசேகரனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சுடலையண்ணே, தண்ணி..."

சுடலை நூலைத் தளர்த்தாமல் திரும்பினார். "தாயி, முளை தண்ணி கேக்குது."

ராதாமணி பிளானைப் பார்த்தாள். "முளைக்கு எதுக்குண்ணே தண்ணி? நீங்க சுத்துங்க."