நாலாவது மூலை

"கயித்தை விட்டுடாதீங்கப்பா! இழுத்துப் பிடிங்க!"

மேஸ்திரி போட்ட சத்தத்தில் மருமகள் டீத் தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். பலகைகளை உரித்துப்போட்டிருந்த மாட்டுக்கொட்டகை சாய்ந்துகொண்டிருந்தது. தடாலென்று அல்ல. பஸ்ஸில் தூங்கி வழிகிறவன் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தலையைச் சாய்ப்பது போல மெதுவாக, கூச்சத்தோடு, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது.

உள்ளே ஒரு சினைப் பசு இருந்தது. மற்ற மாடுகளைக் காலையிலேயே மரத்தடிக்கு மாற்றியாகிவிட்டது. இது மட்டும் வர மாட்டேன் என்று அடம் பிடித்ததால் சரி, கிடக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

"அண்ணி, உள்ள போகாதீங்க!" முற்றத்தில் நின்ற தன் லாரிக்குள்ளிருந்து கொழுந்தன் கத்தினான்.

அவள் அதற்குள் போய்விட்டாள். தலைக்கு மேலே உத்தரம் முனகியது. முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. முளையையே ஆட்டிப் பிடுங்கி, பசுவின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். பசு அசைபோடுவதை நிறுத்தி, "இதெல்லாம் நல்லா இல்லை" என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நிதானமாக வெளியே நடந்தது.

எதிர்ப்பக்கத் தூணில் கட்டிய கயிற்றின் மறுமுனையை லாரியின் கொக்கியில் மாட்டினார்கள். கொழுந்தன் வண்டியை முக்கால் அடி நகர்த்தி நிறுத்தினான். கயிறு விறைத்தது. முனகல் நின்றது.

கொட்டகையும் நின்றது. சாய்ந்தபடியே.

"லாரியை எடுக்காத தம்பி. இப்போதைக்கு உன் வண்டிதான் இதுக்கு அஞ்சாவது தூண்" என்றார் மேஸ்திரி.

"எனக்கு நாளைக்கு லோடு இருக்குங்க."

"கொட்டகையையும் ஏத்திட்டுப் போ."

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்திருக்கவே இல்லை.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பலகையைத் தொடாதே, மொத்தமா இடிச்சுத் தள்ளுன்னேன். யார் கேட்டா?"

மழைக்காலம் முடிந்தால் பலகைக்கு எண்ணெய், வெயில் முடிந்தால் பெயின்ட், நடுவில் கரையான் மருந்து என்று வருஷம் பூராவும் அந்தக் கொட்டகைக்குச் சேவகம் செய்து அலுத்துப்போனவள் மருமகள். அவளுடைய ஆறு மாடுகளும் பால் வியாபாரமும் அதை நம்பித்தான் இருந்தன. பலகையை உரித்துவிட்டு சிமென்ட் ஷீட் அடித்தால் தண்ணீர் குடிக்காது, கரையான் எட்டிப் பார்க்காது, பெயின்ட் டப்பாவைக் கையாலும் தொட வேண்டாம். இதை வீட்டில் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் மாமியாரிடம் வாக்குக் கொடுத்துத்தான் சம்மதம் வாங்கினாள்: "உரிச்ச பிறகு மரச்சட்டம் நேரா நிக்கலைன்னா, நீங்க சொன்னபடியே இடிச்சிடலாம் அத்தை. மாட்டையும் வித்துடறேன்."

வாக்கு இப்போது கண்ணெதிரே சாய்ந்து நின்றது.

பக்கம் பக்கமாக உரித்து, அந்தந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றுதான் மேஸ்திரி சொன்னார். வானம் கறுப்பதைப் பார்த்து, "எல்லாத்தையும் ஒரேயடியா உரிச்சிடுங்க" என்று அவசரப்படுத்தியது அவள்தான்.

மேஸ்திரி நேர் பார்க்க, உத்தரத்திலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு, தூணின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆடியது.

"அம்மா, இங்க வந்து பாருங்க." தூணும் உத்தரமும் சேரும் மூலையைக் காட்டினார். "இந்த இடத்துல சாய்வா ஒரு கட்டை இருந்திருக்கு. அதுதான் சட்டத்தைச் சாயவிடாம இறுக்கிப் பிடிக்கும். யாரோ அறுத்து எடுத்திருக்காங்க. இத்தனை நாள் பலகைதான் தாங்கியிருக்கு. எலும்பைத் தோல் தாங்கின கதை."

"மத்த மூலைல?"

"நாலுலயும் இல்ல."

மருமகள் திரும்பினாள். புருஷன் திடீரென்று செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க?"

"என்ன?"

"உங்களைத்தான்."

"ஒண்ணே ஒண்ணு!" என்றான் அவன். "காலேஜ் படிக்கும்போது. ஸ்கூட்டரைப் படியேத்தறதுக்குக் கட்டை தேவைப்பட்டுது. மூணு இருக்கே, ஒண்ணு போனா என்னன்னு..."

"மூணுதான் இருந்துதா?"

"நான் எடுக்கிறப்ப."

எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள். கொழுந்தன் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"கோல் போஸ்ட்டுக்கு அண்ணி. பத்தாவது படிக்கும்போது. அப்ப ரெண்டு இருந்துது, சத்தியமா. ஒண்ணு இருந்தா போதுமேன்னு நெனச்சேன்."

"குடும்பமே கரையான்தான்" என்று மேஸ்திரி முணுமுணுத்தார்.

முதல் ஆள் யார்? புருஷன் டவுனில் டீச்சராக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைக் கேட்டதும், "படிச்ச புள்ளைங்க செய்யற காரியமாடா இது? அறிவு வேணாம்?" என்று அவள் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"அக்கா?"

"ஹாஸ்டலுக்குப் போறப்ப எனக்குப் புத்தக அலமாரி வேணும்னு கேட்டேன். யாருடா செஞ்சு குடுத்தீங்க?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

மாமியார் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் கடைசி மூலையில் ஏணி மேல் நின்றபடி, அறுத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மூணுக்கு ஆள் வந்தாச்சு. இது யாரு?"

மேஸ்திரி ஏணியில் இன்னொரு படி ஏறிப் பார்த்தார்.

"அது மூணும் கறுத்துக் கிடக்கு. இது பழசு இல்ல. மிஞ்சிப்போனா அஞ்சாறு வருஷம் இருக்கும். ரம்பமும் பழகின கையில இல்ல, மூணு இடத்துல வழுக்கியிருக்கு."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். மருமகளின் பார்வை தானாகப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனது.

நாற்காலி காலி. மாமியார் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்.

அவளுக்கு மனசில் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கொட்டகையை இடி, இடி என்று ஒரே பாட்டுப் பாடியது யார்? பலகையை உரிக்கவே விடாதது யார்? கடைசி எலும்பையும் உருவிவிட்டு, தானாக விழட்டும் என்று காத்திருந்தாரா?

கேட்டுவிடலாம். ஆனால் முதலில் கொட்டகை.

"மேஸ்திரி, இன்னிக்கே நிமிர்த்த முடியுமா?"

"முடியும். கட்டைக்கு எங்க போறது?"

"உரிச்ச பலகை மலை மாதிரி கிடக்கே. அடிப்பக்கம்தான் இத்துப்போச்சு. மேல்பக்கத்தை அறுத்து, ரெண்டு ரெண்டாச் சேர்த்து போல்ட் போட்டா?"

மேஸ்திரி ஒரு பலகையை எடுத்து முழங்காலில் தட்டிப் பார்த்தார். "தாங்கும். மாட்டுக்குப் பதில் யானை கட்டினாலும் தாங்கும். வாங்கப்பா!"

அதன்பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. புருஷன் பலகையைப் பிடிக்க, ஆட்கள் அறுத்தார்கள். டிரில் அலறியது. கொழுந்தன் லாரியை ஒரு விரற்கடை நகர்த்துவான். மேஸ்திரி குண்டைப் பார்த்து, "இன்னும்... இன்னும்... யப்பா, பிரேக்!" என்பார். உத்தரம் ஒருமுறை சொடக்குப் போட்டது. ஒன்றும் விழவில்லை. மூலை மூலையாகக் கட்டை ஏறியது. கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டுக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார்.

கயிறு தொய்ந்தது. கொட்டகை அசையவில்லை. தூக்குக்குண்டு தூணின் அடியைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்றது.

"ஷீட்டை எடுங்க" என்றார் மேஸ்திரி.

முதல் தூறல் விழும்போது மேற்குச் சுவர் மூடியிருந்தது. ஈரம் பட்ட இடத்தை மருமகள் உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஊறாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நிமிஷம் அதையே பார்த்து நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

மாமியார் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மேடை.

"நிமிர்ந்துடுச்சு அத்தை. குண்டு நேரா நிக்குது."

"தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"நாலாவது கட்டை..."

"ம்."

"நீங்களா?"

துணி நின்றது. "நான்தான்."

"கொட்டகை விழணும்னா?"

மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. திருட்டு பிடிபட்ட சின்னப் பெண்ணின் முகம் அது.

"விழணும்னா எனக்கென்னடி வேண்டுதல்? அப்ப உள்ள என் மாடும் இருந்துதே! பலகையை உரிச்சுக் கட்டையை ஒண்ணொண்ணா எண்ணினா இது எங்க போச்சுன்னு கேப்பீங்க. மொத்தமா இடிச்சா யாரு எண்ணப் போறா? அதுக்குத்தான் இடி, இடின்னேன்."

"எங்கதான் போச்சு?"

மாமியார் குரலைத் தாழ்த்தினார். வெளியே மகன்களின் பேச்சு கேட்டது.

"உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம். இவனுங்க ரெண்டு பேரும் துணி எடுக்கப் போயிருந்தானுங்க. உங்களுக்குன்னு ஒழிச்சு வச்ச ரூம்ல உத்தரம் படீர்னு விரிசல் விட்டுது. ஆளைக் கூப்பிட்டா ஊருக்கே தெரியும். உங்கப்பா காதுக்குப் போகும். இடிஞ்ச வீட்டுக்கா என் பொண்ணை அனுப்பறதுன்னு கேட்டுட்டா? நானே ரம்பத்தை எடுத்துட்டுக் கொட்டகைக்குப் போனேன்."

மருமகள் தங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அது..."

"சீலிங் அட்டைக்குப் பின்னால" என்றார் மாமியார். "நீ தலை வச்சுப் படுக்கிறியே, அதுக்கு நேர் மேல. முட்டுக் கொடுத்து நிக்குது."