வாசித்தவருக்குப் போய்ச் சேரும்

கைப்பையின் ஜிப்பை அவளேதான் உடைத்தாள். சமையல் மேடையில் பையைக் குப்புறப் போட்டு, குறட்டால் ஜிப்பின் தலையை நெளித்தாள். மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். பாதியில் நின்றது. போதும்.

கணவர் காப்பி டம்ளரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல முழுசா ஒரு பொருள் இருக்கா? நல்லா இருக்கறத உடைக்கிறது, அப்புறம் ரிப்பேருக்குத் தூக்கிட்டு ஓடுறது."

"எல்லாம் உங்களுக்காகத்தான்."

"எனக்காகத்தான் என் குடையவும் உடைச்சியா?"

அவள் வேலை அப்படி. கடைகளில் ரேடியோ ஓடுகிறதா என்று பார்த்துவர வேண்டும். வாடிக்கையாளர் காதில் விழும்படி பாட்டு வைத்தால் கடைக்காரர் வருடத்துக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அதை அவளுடைய அலுவலகம் வசூலித்து, எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் என்று பிரித்துக் கொடுக்கும். நேராகப் போய் விசாரித்தால் எந்தக் கடையிலும் ரேடியோவே இருக்காது. அதனால் ஏதாவது ஒரு வேலையோடு வாடிக்கையாளராகப் போய் உட்கார்ந்து, கேட்டு, வெளியே வந்து எழுத வேண்டும். ஒருவர் போன கடைக்கு, பிறகு இன்னொருவரும் போய்ப் பார்ப்பது அலுவலக வழக்கம். அவளுக்கு அங்கே 'பாம்புக்காது' என்று பெயர். மிக்சி ஓடும் கடையிலும் மூலையில் முனகும் ரேடியோவைப் பிடித்துவிடுவாள்.

இந்த வேலையில் அவளுக்கு இதுவரை கூச்சம் இருந்ததில்லை. கணவர் வயலின் வாசிப்பவர். பாட்டுப் பதிவுகளில் பின்வரிசையில் உட்கார்ந்த பலரில் ஒருவர். தோள்பட்டை போனபின் வாசிப்பதில்லை. அவர் வாசித்த பாட்டுகள் பேருந்திலும் முடிதிருத்தும் கடையிலும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய அவள் வேலை தேடிப் போக வேண்டியிருந்தது. காற்றில் வரும் பாட்டுக்குக் காசா என்று கடைக்காரர்கள் கேட்கும்போது, அந்தக் காற்றில் ஒரு மனுஷனுடைய தோள்பட்டை இருக்கிறது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். கணவரைப் பற்றி அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், தன் வீட்டுக்கு வசூல் பண்ணுகிறாள் என்பார்கள்.

தையல் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சீட்டுக் குத்தித் தொங்கும் கால்சட்டைகள், வருகிறவர் உட்கார ஒரு முக்காலி. தையல்காரிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்வியபடியே பையை வாங்கிப் பார்த்து, இதென்ன நாய் கடித்ததா என்று கேட்டாள். உட்காரச் சொன்னாள்.

கடையில் மெஷின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. தையல்காரியின் ஒரு காதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, மேசையில் இருந்த சின்ன ரேடியோவுக்குப் போயிற்று. தனக்கு மட்டும் கேட்கிறாள். அதற்குக் கட்டணம் கிடையாது. பார்க்க வந்தவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "சும்மா உக்காந்தா பொழுது போகாதும்மா. நான் பாரு, என் காதுக்கு மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்று ஒயரைப் பிடுங்கினாள். பாட்டு கடை முழுக்க வந்தது.

அந்த நேரத்தில் தடுத்திருக்கலாம். வேண்டாம்க்கா, தலை வலிக்குது என்று ஒரு வார்த்தை. அது ஏன் வாயில் வரவில்லை என்று பிறகு பல நாள் அவள் தன்னையே குடைந்துகொண்டாள். எத்தனையோ கடைகளில் எத்தனையோ பாட்டுகளைக் கேட்டிருக்கிறாள். எல்லாமே அவள் போவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவை. அவளுக்காக என்று ஒருவர் பாட்டு வைத்தது இதுதான் முதல் தடவை. அந்த சுகத்தை விட மனம் வரவில்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவதாக வந்த பாட்டில் நடுவே வயலின்கள் எழுந்தன. அவளுக்குத் தெரிந்த இடம். வீட்டில் அவர் அதை வாசித்து வாசித்துப் பழகியபோது அடுத்த அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இந்த வயலின் எங்க வீட்டுக்காரர் வாசிச்சது."

மெஷின் நின்றது.

"நெசமாவா?"

"கூட நெறைய பேரு இருந்தாங்க. அவரும் ஒருத்தர்."

தையல்காரி பாட்டு முடியும்வரை மெஷினைத் தொடவில்லை. ஜிப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தாள்.

"இத்தன வருஷமா உங்க வீட்டுக்காரர் பாட்ட ஓசில கேட்டிருக்கேன். அதுக்கு இது கழிஞ்சுது, போ."

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அறிக்கையில் 'இசை இல்லை' என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய். அந்த ஒயர் பிடுங்கப்பட்டது தன்னால், தனக்காக. அதை ஒரு குற்றமாக எழுத முடியாது என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்மேல் தனக்கே கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் கூசியது.

சில வாரங்களில் அலுவலகத்தின் எதிர் மேசைக்காரர் அதே கடைக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாம்புக்காதுல பஞ்சு அடைச்சுட்டா போனீங்க? அந்தத் தையல் கடைல தெரு முழுக்கக் கேக்குற மாதிரி ஓடுது."

யாரோ தெரிந்தவரிடம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வாசலைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். வயலின் வரும்போது மெஷினை நிறுத்தி, உட்கார்ந்திருப்பவர்களையும் பேசவிடாமல் கையமர்த்துகிறாளாம். இதை வாசித்தவருடைய சம்சாரம் நம்ம கடைக்குத்தான் வருவாங்க என்று ஒரே பெருமையாம்.

"என் சட்டைக்கு ஓசில பட்டன் வேற வச்சுக் குடுத்துச்சு அந்தம்மா. பாவமாத்தான் இருந்துச்சு. என்ன பண்றது, நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

நீங்கள் போனபோது ஓடியிருக்காது, விடுங்கள் என்று அவரே அவளுக்குச் சமாதானமும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

உண்மையை அலுவலகத்தில் சொன்னால், பாட்டு அவள் போன நாளிலிருந்தே ஓடியதாக ஆகும். பழைய நாட்களுக்கு அபராதமும் சேர்ந்து தையல்காரியின் கட்டணம்தான் கூடும். சொல்லாவிட்டால் அவளுடைய பொய் பத்திரமாக இருக்கும். தன்னைக் காப்பதும் தையல்காரிக்கு நல்லது செய்வதும் ஒன்றாகவே வந்து நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஒயரின் நீளத்துக்குள் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்தவள் தையல்காரி. பெருமை பேசித் தெருவுக்கு இழுத்துவிட்டது நான் என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கணவரிடம் பாதிதான் சொன்னாள். ஒரு கடையில் உங்கள் வயலினைப் பற்றிச் சொன்னேன் என்று. மீதியைச் சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார். பாட்டில் எந்த இடம் என்று சரியாகச் சொன்னாயா, அந்தம்மா என்ன கேட்டார், முகம் எப்படி இருந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். அன்று மாலை முழுவதும் அந்தப் பாட்டை முனகிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார். அந்த முனகலை நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் எதையும் உடைக்காமல் வெறுங்கையோடு தையல் கடைக்குப் போனாள். போகும்போதே, இதைச் சொன்னால் அந்தம்மாவுக்கு என்ன லாபம் என்ற கேள்வி கூடவே வந்தது. ஒரு லாபமும் இல்லை. தன் நெஞ்சு லேசாக வேண்டும், அதற்கு அவளிடம் போகிறோம், இதுவும் ஓசிதான். ஆனாலும் கால் திரும்பவில்லை.

தையல்காரி அவளைக் கண்டதும் முக்காலியிலிருந்த துணிகளை அள்ளி வேறு பக்கம் போட்டாள்.

"வாம்மா, வா. உன்னத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

ஒருத்தர் வந்து பாட்டு வைத்ததற்குக் கட்டணம் என்று சீட்டு கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். முதலில் கோபம் வந்ததாம். எதிர்க் கடைக்காரர், கட்டாதே, முறையிடலாம், நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னாராம்.

"நான்தான் வேணாம்னுட்டேன். இந்தக் காசு யாருக்குப் போகும்னு அந்தாளக் கேட்டேன். வாசிச்சவங்களுக்குப் போய்ச் சேரும்னாரு. அப்போ நம்ம வயலின்காரருக்குத் தானேன்னு அடுத்த நாளே போய்க் கட்டிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்துச்சா அவருக்கு?"

அவளால் முக்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ஆபீஸ்லதான் நான் வேலை பாக்குறேன்."

"அட, சொல்லவே இல்லையே. அப்போ நல்லதாப் போச்சு, உன் கையாலயே போய்ச் சேரும்."

வசவு வாங்கத்தான் வந்திருந்தாள். அவளுக்குப் பாராட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. இத்தோடு எழுந்து போய்விடலாம். இனி இந்தத் தெருப் பக்கம் வராமல் இருந்தால் போதும். ஒரு நிமிடம் நிஜமாகவே அதை யோசித்தாள்.

"அதில்லக்கா. அன்னிக்கு நான் கஸ்டமரா வரல. உங்க கடைல பாட்டு ஓடுதான்னு பாக்கத்தான் வந்தேன். அந்த ஜிப்ப நானேதான் உடைச்சு எடுத்துட்டு வந்தேன்."

மெஷினின் ஊசிக்கு அடியில் பாதி தைத்த கால்சட்டை கிடந்தது. தையல்காரி அதை மெதுவாக இழுத்து, தைத்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தாள். இவள் தொடர்ந்து பேசினாள். பாட்டு ஓடவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன், அடுத்து வந்தவர்தான் சீட்டு கொடுத்தார், இப்போதும் முறையிட வழி இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, எல்லாமே தனக்காகச் சொல்வதாகப் பட்டது.

"அத விடு" என்றாள் தையல்காரி. "அந்த வயலின்?"

"என்னக்கா?"

"உன் வீட்டுக்காரர் வாசிச்சதுன்னு சொன்னியே. அதுவும் என் வாயப் புடுங்கறதுக்குச் சொன்னதா?"

"இல்லக்கா. அது நெசம்."

தையல்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். துணியின் சாயம் போகுமா போகாதா என்று பார்ப்பதைப் போல, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"வந்தவங்க போனவங்க ஒருத்தர் விடாமச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"அது நெசம்க்கா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். இரண்டாம் முறை சொன்னபோது அது அவள் காதுக்கே பொய் மாதிரித்தான் கேட்டது.