ஓடையோர மரங்கள்

லைன்மேன் சாக்கை மேசைமேல் இறக்கிவிட்டு, "இன்னும் உயிர் இருக்கு டாக்டர், பாருங்க," என்றார்.

உள்ளே ஒரு பெண் குரங்கு. இரண்டு உள்ளங்கையும் கரிந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அதன் வயிற்று முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி தொங்கியது. வலி தெரியாமலிருக்க ஊசி போட்டதைத் தவிர டாக்டரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. தாய் அடங்கிய பிறகும் குட்டி பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுத்தாள்.

"புது ரோட்டுக்கு மேல போற கம்பி," என்றார் லைன்மேன். "முன்னல்லாம் மரத்துக்கு மரம் தாவிப் போயிடும். இப்ப அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் மரம், நடுவுல மொட்டை. கம்பியைக் கொடின்னு நெனச்சுப் புடிக்குது. கரண்ட் போச்சுன்னா ஊரே எனக்குப் போன் பண்ணித் திட்டுது. குரங்கு செத்தா யாரு யாரைத் திட்டறது?"

"திட்ட ஆள் இருக்கு," என்று டாக்டர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் வீசினாள்.

அந்த ஆள் வேறு யாருமில்லை, அவள் சொந்த அக்காவின் புருஷன். தோட்டக் கம்பெனி ஒன்றுக்காக மலையடிக் காட்டை வெட்டிச் சமன் செய்து கொடுக்கும் வேலை அவருடையது. ஊர் அவரைக் கான்ட்ராக்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டது. அவளைக் குரங்கு டாக்டர் என்று கூப்பிட்டது. மாட்டையும் நாயையும் பார்க்கத்தான் அவள் படித்துவிட்டு வந்தாள். காடு மொட்டையாக மொட்டையாக, வருகிற நோயாளிகள் மாறிவிட்டார்கள். லாரியில் அடிபட்ட மரநாய், கோழி வலையில் சிக்கிய மலைப்பாம்பு, கிணற்றிலிருந்து தூக்கிய மான்குட்டி.

அன்று சாயங்காலமே குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, சாப்பிடற எடத்துக்கா இதைத் தூக்கிட்டு வருவ?" என்று அக்கா கடிந்துகொண்டாள். ஆனாலும் துண்டை விலக்கிப் பார்த்தாள். குட்டி அவள் சுண்டுவிரலை இறுகப் பிடித்துக்கொண்டது. 

"மாமா, வெட்டின காட்டைப் பத்திப் பேச நான் வரல," என்றாள் டாக்டர். "ஓடையோரமா ஒரு வரிசை மரம் இருக்கே, அது மட்டும் நிக்கட்டும். ரெண்டு பக்கக் காட்டையும் சேர்க்கறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா குரங்குங்க இந்தப் பக்கமே மாட்டிக்கும். தின்ன ஒண்ணும் கிடைக்காது. நேரா ஊருக்குள்ளதான் வரும்."

மாமா சிரித்தார். "இவ்வளவுதானா? என் மச்சினி ஒரு வரிசை மரம் கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா? விட்டுடறேன், போதுமா? உக்காரு, சாப்பிடு."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, சொந்தக்காரராயிற்றே.

சில வாரம் போயிருக்கும். ஒரு மதியம் லைன்மேன் போன் செய்தார். "டாக்டர், ஓடைப் பக்கம் மெஷின் சத்தம் கேக்குது."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை கிட்டத்தட்ட முழுக்கப் படுத்துக் கிடந்தது. கடைசியில் நின்ற ஒற்றை மரத்தில் குரங்குக் கூட்டம் மொத்தமும் ஏறி, தாவ அடுத்த கிளை இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது. வெட்டுகிறவர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு, சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைச் சுற்றி நின்றார்கள்.

"உள்ள என்னமோ கத்துதுங்க," என்றார் ஒருவர்.

அடிமரத்தில் ஒரு பொந்து. அதன் வாய் மண் பூசி அடைத்திருந்தது. நடுவில் மெல்லிய கீறல் ஒன்று மட்டும் திறந்திருக்க, அதன் வழியே வளைந்த அலகின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் பார்த்ததும் தெரிந்தது: இருவாச்சி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, இறக்கையின் சிறகுகளையும் உதிர்த்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. குஞ்சு வளர்கிறவரை ஆண்தான் அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்டும். அந்த ஆண், அலகில் பழத்தோடு, மரம் நின்ற வெற்றிடத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

கடப்பாரை வாங்கி மண்ணைப் பெயர்த்தாள். பெண் பறவைக்கு ஒரு பக்க இறக்கை எலும்பு முறிந்திருந்தது. அதன் அடியில் குஞ்சு நசுங்கிக் கிடந்தது. ரம்பம் பிடித்திருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஜீப் வந்து நின்றது. மாமா இறங்கினார்.

"ஏன் எல்லாரும் சும்மா நிக்கறீங்க?"

"வாக்கு கொடுத்தீங்களே மாமா."

"லாரி திரும்ப எடம் வேணும்னு கம்பெனிக்காரன் ஒத்தக் கால்ல நின்னான். நான் என்ன பண்றது? வீட்டுல ஆயிரம் பேசறோம், அதெல்லாம் வாக்கா? ஒரு பறவைக்குப் போய் இந்தக் குதி குதிக்கற. உன் ஆஸ்பத்திரிக் கதவு எந்தக் காட்டு மரம்னு நெனச்ச? நான் கொடுத்ததுதானே!"

"இன்னிக்கே கழட்டி எடுத்துட்டுப் போங்க. கதவில்லாமலே இருந்துக்கறேன்."

அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதுதான் அவளுக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பறவையைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அவள் சொன்னதுதான் நடந்தது. குரங்குகள் கூரை ஓட்டைப் பிரித்துச் சமையலறைக்குள் இறங்கின. மளிகைக் கடைக்கார அம்மாவின் பாதிச் சரக்கு தெருவில் கிடந்தது. ஊரே நகராட்சி மண்டபத்தில் கூடியது. எல்லாவற்றையும் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடப்போவதாகத் தலைவர் அறிவித்தார். முன்வரிசையில் இருந்த கான்ட்ராக்டர் எழுந்து, "கூண்டெல்லாம் என் பொறுப்பு," என்றார். கைதட்டினார்கள்.

டாக்டர் எழுந்தாள். "எந்தக் காட்டுல விடப் போறீங்க?"

"அதான், ஓடைக்கு அந்தப் பக்கம்..." என்று இழுத்தார் தலைவர்.

"அதையும் அடுத்து வெட்டப் போறாங்க. யாரு வெட்டறான்னு கூண்டு தர்றவரையே கேளுங்க. ஓடை மரத்தை விட்டுடறேன்னு என்கிட்ட சொன்னவர் இவர்தான். அது நின்னிருந்தா உங்க ஓட்டுல ஒரு குரங்கும் ஏறியிருக்காது."

மண்டபம் இரைந்தது. கான்ட்ராக்டர் கையை உயர்த்திச் சிரித்தார். "நான் எப்பய்யா சொன்னேன்? இவ கனவு கண்டிருப்பா."

"சொன்னீங்க."

பின்வரிசையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.  "நான் பரிமாறின தட்டு முன்னால உக்காந்து சொன்னீங்க. பக்கத்துல நின்னு என் காதால கேட்டேன். என் தங்கச்சியைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

"குரங்கோட வீட்டை இடிச்ச ஆளே கூண்டும் தர்றாராம்!" என்று கத்தினார் மளிகைக் கடைக்கார அம்மா. அதற்குப் பிறகு யாராலும் கூட்டத்தை அடக்க முடியவில்லை.

கூண்டுப் பேச்சு அத்தோடு நின்றது. ஊர் கூடிப் போய்க் கேட்டதால், விசாரணை முடிகிறவரை அந்தப் பக்கக் காட்டில் ரம்பம் வைக்கக் கூடாது என்று வனத்துறை உத்தரவு போட்டது. அவ்வளவுதான் கிடைத்தது. இருவாச்சி பிழைக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அறைக்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். ஒரு காலை மாமா வந்து வாசலில் நின்றார்.

"ஊரு சிரிக்குது. கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"அந்த மரத்தை எடுத்து நிமிர்த்தி வெச்சுட்டு வாங்க. வரேன்."

"வெட்டின மரத்தை எப்படிடி நிமிர்த்தறது? பைத்தியமா உனக்கு?"

"இத்தனை வருஷம் இருந்துச்சு," என்றாள் அக்கா. "இப்பதான் தெளிஞ்சிருக்கு."