உட்டுப்போட்டேனுங்க

அறுபது தேங்காய், நூற்றிருபது மூடி. குழந்தையம்மாள் காலை ஏழு மணிக்குத் துருவுமணையில் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள். துருவியதை மிக்சியில் அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் பால் இறங்கும். அந்தச் சமையற்கட்டில் அடுப்பு கிடையாது. தீப்பெட்டிகூடக் கிடையாது. அவள் வேலைசெய்த பஞ்சுமில் மூடிய நாலு வருஷத்தில் அவள் பார்க்காத வேலை இல்லை. ஆனால் சமையற்கட்டுக்குள் நுழைந்தால் குளிரெடுப்பதை இங்கேதான் கண்டாள். எதுவும் வேகாத அந்த இடம், ஆள் குடிவராத வீடு மாதிரி இருந்தது.

கோயமுத்தூரை அடுத்த துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டின் மேல் ‘உயிர்நேயம் இயற்கை உணவகம்’ தொடங்கி, அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்தோடு ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி கிருபாசங்கர் தோட்டம் துரவு உள்ள குடும்பம். மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இதில் இறங்கியவர். கறியும் முட்டையும் எந்தச் சைவக் கடையிலும் கிடையாது, அதில் அதிசயமில்லை. இங்கே பால், தயிர், நெய், மோர் எதுவும் உள்ளே வரக்கூடாது. தேனும் வரக்கூடாது. “கன்னுக்குட்டி குடிக்க வேண்டியத நாம குடிக்கலாமுங்களா? தேனீ சேத்து வெச்சத நாம புடுங்கலாமுங்களா?” என்று கேட்பார். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். நல்ல மனுஷர்தான். அதில் குழந்தையம்மாளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு அவர் வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப்பின் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. இலையில் ஊறவைத்த அவல், முளைகட்டின பயறு, பூசணித் துருவல், வாழைப்பழம். பேரீச்சம்பழத்தை அரைத்துக் கலந்த தேங்காய்ப்பால் ஒரு டம்ளர். முதல் நாள் பரிமாறியபோதே அவளுக்குக் கை கூசியது. செத்தவர்களுக்குப் படைக்கிற இலையில்தான் அவள் இதையெல்லாம் ஒன்றாகப் பார்த்திருக்கிறாள். முப்பது பேர் வாயைத் திறக்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் கூடத்தில் நிறைந்து நின்றது.

வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். டாக்டர்களிடம் அலைந்து சலித்தவர்கள். மருந்தே எல்லா நோய்க்கும் காரணம் என்று கிருபாசங்கர் மெய்யாகவே நம்பினார். சமையற்கட்டில் இருப்பவர்களும் மாத்திரை சாப்பிடக்கூடாது என்பது சட்டம். இவளுக்கு முன் வேலைசெய்த புவனா என்ற பெண், தலைவலி மாத்திரை ஒன்றை இடுப்பில் செருகி வைத்திருந்தாள் என்று கும்பிட்டு வெளியே அனுப்பினார். “மருந்து ஊறுன கை பட்டா சோறும் மருந்தாயிருமுங்க, கண்ணு. கோவிச்சுக்காதீங்க.”

குழந்தையம்மாளுக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை. சேரும்போது அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் துருவிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, துருவுமணையோடு சாய்ந்துவிட்டாள். கிருபாசங்கர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

“என்னாச்சுங்க்கா? சுகர் இருக்குதுங்களா?”

“ஆமாங்.”

“மாத்திரை போடறீங்களா?”

“உட்டுப்போட்டேனுங்க” என்றாள்.

அன்று காலை அவசரத்தில் மாத்திரையை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஊட்டுல உட்டுப்போட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ‘ஊட்டுல’ என்கிற ஒரு சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கிருபாசங்கர் இரண்டு கையையும் கூப்பினார். “நீங்களாவே உட்டுட்டீங்களா! ஆருஞ்சொல்லாமயே!” என்றார். அன்று மதியம் மணியடிக்கும் முன்னால், அவளைக் கூடத்துக்கு அழைத்துவந்து முப்பது பேருக்கும் காட்டினார். புவனா போன வழி கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பிப் படுக்கையில் கிடக்கும் புருஷனும் தெரிந்தான்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை காலைகளில் கோனியம்மன் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, பெரியாஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள். அன்றுதான் மாத்திரை கொடுப்பார்கள். திரும்பும் வழியில் பூக்கடையில் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கி, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு கடைக்குள் வருவாள். மாத்திரைகள் முந்தானை முடிச்சில் இருக்கும். பின்கட்டுக் கக்கூசுக்குள் போய்த்தான் வாயில் போடுவாள். அம்மன் பெயரில் பொய் சொல்கிறோமே என்று ஒவ்வொரு செவ்வாயும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆண்டு விழாவுக்கு அவளை ஸ்டூடியோவில் படமெடுத்து, கண்ணாடி போட்டுக் கூடத்தின் மூலையில் மாட்டினார்கள். அடியில் எழுத்து. ‘குழந்தையம்மாள், வயது 48. பதினொரு ஆண்டு சர்க்கரை நோய். மாத்திரையை விட்டார். நலமானார்.’ யாரோ ஒரு வாடிக்கையாளர் உலர்ந்த திராட்சையில் கட்டிய மாலை கொண்டுவந்திருந்தார். கிருபாசங்கர் அதைப் படத்துக்குப் போட்டார்.

“ஏனுங்க, உசுரோட இருக்கறவ படத்துக்கு மாலை போடக்கூடாதுங்க” என்றாள் குழந்தையம்மாள்.

“அதெல்லாம் மூடநம்பிக்கைங்க்கா” என்று சிரித்தார்.

அந்தப் படத்துக்கு நேர் கீழே, மூலை இருக்கையில், அடுத்த வாரத்திலிருந்து அப்துல் மஜீத் உட்கார ஆரம்பித்தார். டவுனில் கோணிச் சாக்கு வியாபாரம். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெளுத்த தாடி. மாதச் சாப்பாட்டுக்குச் சேர்ந்தவர் என்பதால் அந்த இடம் அவருக்கே என்று ஆனது. மெல்லும்போது அண்ணாந்து படத்தைப் பார்ப்பார். பிறகு பரிமாறுகிறவளைப் பார்ப்பார்.

பின்கட்டில் கை கழுவும் இடத்தில் பேசலாம். ஒருநாள் அங்கே அவளை நிறுத்தினார்.

“ஏனுங்கம்மா, தப்பா நெனைக்காதீங்க. நெசமாவே உட்டுட்டீங்களா?”

“எதைங்க பாய்?”

“மாத்திரையத்தான். எனக்கு ஊசிங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பதினாறு வருசம். வயித்துல குத்தாத எடமில்ல. கிருபாசங்கர் தம்பி சொல்றாப்ல, நிறுத்திடுங்க பாய்ன்னு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஏழைபாழை, உங்களுக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது என்ன இருக்கு? அதான் உங்களைக் கேக்கறேன்.”

கிருபாசங்கர் நிலைப்படியில் துண்டோடு வந்து நின்றார். குழந்தையம்மாள் முந்தானை முடிச்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“உட்டுப்போட்டேனுங்க” என்றாள்.

“அல்லா உங்கள நல்லா வெக்கணும்” என்று சொல்லிவிட்டு, தெளிந்த முகத்தோடு அவர் போனார்.

நாலாம் நாள் கக்கூஸ் கழுவப் போனபோது எறும்பைப் பார்த்தாள். சின்னச் சிவப்பெறும்பு. சுவரின் அடியிலிருந்து இழை பிடித்தமாதிரி வந்து பீங்கானின் விளிம்பில் மொய்த்தது. எதற்கு மொய்க்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வருஷத்துக்கு முன் அவளுடைய நோயையும், டாக்டர் சொல்வதற்கு முன்பே, மூத்திரத்தில் மொய்த்த எறும்புதான் கண்டுபிடித்தது. அன்று மதியம் மட்டும் பாய் ஐந்து தடவை எழுந்து பின்கட்டுக்கு வந்தார். பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். மறுநாள் எறும்பு வரிசை இரண்டானது. அதற்கு மறுநாள் நிலைப்படி தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டது.

“எறும்புப் பொடி வாங்கியாறட்டுங்களா?” என்று கேட்டாள்.

“ஐயோ, வேண்டாமுங்க்கா. அதும் உசுருதானுங்களே” என்றார் கிருபாசங்கர்.

பாயைத் தனியே மடக்கிச் சொல்லிப் பார்த்தாள். “பாய், ஊசிய மறுக்காப் போட்டுக்கங்க. என்ற ஒடம்பு வேற, உங்க ஒடம்பு வேறங்க.”

அவர் சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. “நீங்களே உட்டுட்டு நிக்கறீங்க, எனக்குப் போட்டுக்கச் சொல்றீங்களேம்மா.” அவர் வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாசனை வந்தது.

‘நா உடலீங்க.’ இரண்டே சொல். சொல்லியிருக்கலாம். கிருபாசங்கர் அந்தப் பக்கமாக நடந்து வந்தார், அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் மஜீத் வரவில்லை. ஆனால் மணியடித்ததும் அவருக்கும் இலை போட வேண்டும் என்றார் கிருபாசங்கர். “மாசச் சாப்பாட்டுக்காரருங்க. வருவாரு. எடம் காத்திருக்கோணும்.” அவள் ஆளில்லாத இலைக்கு அவல் வைத்தாள், பழம் வைத்தாள், டம்ளரில் பால் ஊற்றினாள். மற்றவர்கள் மென்றார்கள். சுவரோரமாக எறும்பு ஏறிவந்து அந்த இலையில் இறங்கியது. படத்திலிருந்து அவளே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளும் எறும்பு மொய்த்த இலையை அவள்தான் எடுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் நாள், எல்லாரும் மென்றுகொண்டிருக்கும்போது, கறுப்புப் புர்கா போட்ட ஓர் அம்மா கூடத்துக்குள் வந்தாள். முகத்திரையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு பால் கூஜாவோடு நின்ற குழந்தையம்மாளிடம் நேராக வந்தாள்.

“நீங்கதானுங்களா அந்தம்மா? நான் சாஜிதா. மஜீத் ஊட்டுக்காரி.” அந்தக் கூடத்தில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. “ஆஸ்பத்திரில கெடக்காருங்க. நெனவு வருது, போவுது. நெனவு வந்து நர்சு ஊசியக் கொண்டாந்தா தட்டி உட்டுடறாரு. ‘அந்தம்மா உட்டுட்டு நல்லா இருக்காங்க, நானும் எந்திரிச்சுருவேன்’னு அதயே சொல்றாரு. புள்ளைங்க சொல்லிக் கேக்கல, டாக்டர் சொல்லிக் கேக்கல. நீங்க சொன்னாக் கேப்பாரும்மா. வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

கிருபாசங்கர் உதட்டில் விரல் வைத்தபடி வேகமாக வந்தார். குழந்தையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கூஜாவைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை மாத்திரைகள் நாலைந்து உள்ளங்கையில் விழுந்தன.

“நா உடலீங்க” என்றாள். “ஊட்டுல உட்டுப்போட்டு வந்துட்டேன்னு சொல்ல வந்தேனுங்க. ஒரு நாளுங்கூட நிறுத்துனதில்லீங்க. படத்துல போட்டிருக்கறது பொய்யிங்க.”

சத்தமாகத்தான் சொன்னாள். முப்பது பேருக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மெல்லும் சத்தம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. இவர்களெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள்தானா என்று நினைத்தாள்.

“பயந்துட்டீங்க. ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுத்துக்குங்க்கா” என்றார் கிருபாசங்கர், மெதுவாக, முதுகில் தட்டாத குறையாக. “நாளையிலிருந்து வர வேண்டாமுங்க.”

இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மஜீத் கட்டிலில் பாதியாகிக் கிடந்தார். குழந்தையம்மாள் மாத்திரைகளை அவர் கண்ணெதிரே நீட்டி அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவர் வெகுநேரம் அவள் உள்ளங்கையையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டி நர்சிடம் கையை நீட்டினார். ஆனால் உடம்பு அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு, விட்டுப்போன துணிப்பையை எடுத்துவரக் குழந்தையம்மாள் உணவகத்தின் பின்கட்டுக்குப் போனாள். துருவுமணைப் பக்கம் வேறொருத்தியின் மாற்றுச் சேலை கிடந்தது. கூடத்தில் இலை போட்டாயிற்று. படம் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

எறும்பு சுவரேறியிருந்தது. திராட்சை மாலைக்குள் புகுந்து வெளிவந்து, கண்ணாடியின் மேல் அவள் முகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. புது வேலைக்காரி துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனாள்.

“வேண்டாமுங்க, கண்ணு” என்றார் கிருபாசங்கர். “அதும் உசுருதானுங்களே.”

மஜீத்தின் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்காது. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். அண்ணாந்து, படத்துக்கு அடியில் இருந்த எழுத்தை உதடசைத்துப் படித்தாள்.

“இந்தம்மா இப்ப எங்கீங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

“ஊருக்குப் போயிட்டாங்க. நல்லா இருக்காங்க” என்றார் அவர்.

அந்தப் பெண் மாத்திரை அட்டையை மறுபடி பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஏனுங்க!” என்று பின்வாசலிலிருந்து கூப்பிட்டாள் குழந்தையம்மாள்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லாரும் குனிந்து மெல்லத் தொடங்கினார்கள்.