சேற்றில் இறங்கிய கால்

வேனில் ஏறும்போதே அம்சம் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா வா எழிலு. நான் சொன்னா நம்ப மாட்டே. உன் கண்ணால பாரு."

பார்க்க வேண்டியது கோடியக்கரை மானையும் பறவையையும் அல்ல, தியாகேசனை. நன்னிலம் பக்கத்தில் அம்சம் பிறந்த ஊரின் மிராசு வீட்டுப் பிள்ளை அவர். அம்சத்தின் அம்மா அந்த வீட்டு வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். இப்போது அம்சம் கும்பகோணம் பெரியாஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருக்கும் கண்காணிப்பாளர். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு நர்சு லீவில் போக முடியாது. தியாகேசனும் அவளும் ஒரே நடைக் குழுவில் இருக்கிறார்கள். காலையில் ஒன்றாக நடக்கிறார்கள், ஒரே கடையில் காபி குடிக்கிறார்கள். அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்று சொல்ல இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எழில்மொழிக்கு வேண்டியிருந்தது. சட்டம் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். படித்த படிப்பு அப்படி. எதைச் சொன்னாலும் அத்தாட்சி கேட்பாள்.

"உன்னை சிஸ்டர்னு கூப்பிடுறாரு, அவ்வளவுதானம்மா" என்பாள்.

அவ்வளவுதானா? கொரோனா சமயத்தில் தியாகேசனின் தாயாருக்கு மூச்சுத் திணறியபோது யாருக்கு போன் வந்தது? "சிஸ்டர், எப்படியாவது ஒரு பெட்டு." அந்த வீட்டு வாயிலிருந்து, சிஸ்டர்! அம்சம் அலையாய் அலைந்து பெட் வாங்கிக் கொடுத்தாள். அந்த அம்மாள் பிழைத்து எழுந்ததும், தியாகேசன் அம்சத்தின் வீடு தேடி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, காபியைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். அந்தக் காபியை அம்சம் சொந்தக்காரர்களிடம் ஒரு வருஷம் சொல்லித் தீர்த்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நாமாக இருந்தாலும் சொல்லியிருப்போம்.

தை மாசத்துக் கடைசி ஞாயிறு அது. குழுவில் பதினோரு பேர், கூட எழில்மொழி. வழிகாட்ட வனத்துறைக் காவலர் பக்கிரி வந்தார். காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பாலை மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் இட்லி தின்றார்கள். தியாகேசனே வந்து எழில்மொழியின் தட்டில் சட்னி ஊற்றினார். "சாப்பிடும்மா, இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்கு." அம்சம் மகளைப் பார்த்தாள். பார்த்தியா என்பதுபோல ஒரு பார்வை. எழில்மொழி பேசாமல் சட்னியைத் தொட்டுக்கொண்டாள். கொஞ்சம் இளகிவிட்டாள் என்றுகூட அம்சத்துக்குத் தோன்றியது.

அங்கிருந்து காரைப் புதரும் சூரைமுள்ளுமாக நடந்தார்கள். தூரத்தில் நாலைந்து வெளிமான்கள் நின்றன. எல்லோரும் படம் எடுத்தார்கள். மருந்துக்கடை சபிஹா, கறுத்த ஆண் மான் எது, பழுப்புப் பெண் மான் எது என்று பக்கிரியைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் காடு விட்டு, உப்புத் தண்ணீர் தேங்கிய தாழ்ந்த வெளி வந்தது. அதன் நடுவே மண் அணைத்த ஒத்தையடிப் பாதை ஓடியது. ஒரு ஆள் அகலம், இரண்டு பக்கமும் கறுப்புச் சேறு.

"உளைச்சேறுங்க. காலை வச்சா முழங்கால் மட்டும் வாங்கிரும். யாரும் பாதையை விட்டு இறங்கிறாதீங்க" என்றார் பக்கிரி.

வரிசையாகப் போனார்கள். முதலில் பக்கிரி, அவர் பின்னால் தியாகேசன், பிறகு ஒன்பது பேர், அம்சம், கடைசியில் எழில்மொழி. அம்சத்தின் காலில் மகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ. புதுசு. அதில் தூசி படாமல் எட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் தியாகேசன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பைனாகுலரைப் பாலை மரத்தடியிலேயே வைத்துவிட்டார். "நீங்க இங்கயே நில்லுங்க, ஒரு எட்டு போய் எடுத்தாந்துர்றேன்" என்று திரும்பினார்.

வரிசைக்கு எதிரே வந்தார். முதல் ஆள் உடம்பை ஒருக்களித்தார், தியாகேசனும் ஒருக்களித்தார், இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் கடந்தார்கள். "என்ன சார், ஒன்வேயில வர்றீங்க" என்றார் இன்னொருவர். சபிஹாவிடம் வந்தபோது, "மன்னிக்கணும் மேடம்" என்று பாதையின் விளிம்பில் நுனிக்காலில் நின்று அவளுக்கு இடம் விட்டார். ஒன்பது பேருக்கும் ஒன்பது தடவை பக்கவாட்டில் திரும்பினார்.

அம்சத்திடம் வர அவருக்கு இன்னும் பத்து அடி இருந்தது. அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நின்றிருப்பாள். வலது கால் தானாக இறங்கியது. பின்னாலேயே இடது கால். தலை தானாகக் குனிந்தது. வெள்ளை ஷூ இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தொட்டிலுக்கே வழியில்லாமல் வரப்போரத்துத் தூளியில் கிடந்தவளுக்கு என்ன பழமொழி சொல்வது? ஏழு வயதில், தலையில் நாற்றுக் கட்டோடு வரும்போது, அம்மா பின்னாலிருந்து சொல்லுவாள்: "சின்னய்யா வர்றாங்க. இறங்குடி." அந்தச் சின்னய்யாவுக்கு அப்போது பத்து வயது.

தியாகேசன் வந்தார். ஒன்பது பேருக்குத் திரும்பியவர் பத்தாவதாகத் திரும்பவில்லை. திரும்ப என்ன அவசியம்? பாதை காலியாக இருந்தது. நேராக, நடுவில், செல்போனைப் பார்த்தபடி நடந்தார். சேற்றில் ஒருத்தி நிற்கிறாள் என்பதே அவர் கண்ணில் படவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

எழில்மொழி அசையவில்லை. பாதையின் நடுவில் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடும்மா."

"நீங்களும் திரும்புங்க சார், நானும் திரும்புறேன். அத்தனை பேருக்கும் திரும்புனீங்கல்ல. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் திரும்பல?"

தியாகேசனுக்கு நிஜமாகவே புரியவில்லை. முன்னால் நின்ற ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்சத்துக்குக் காதெல்லாம் சுட்டது. கீழே இருந்தபடியே எட்டி மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்குடி."

வரப்பில் கேட்ட அவள் அம்மாவின் குரல். அச்சு அசல். முப்பது வருஷ நர்ஸ் வேலையும் கையெழுத்தும் நாற்காலியும் எங்கே போய் ஒளிந்தனவோ.

எழில்மொழி தடுமாறி ஒரு காலைச் சேற்றில் வைத்தாள். "பரவால்ல சிஸ்டர், சின்னப் பொண்ணு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு தியாகேசன் போனார்.

அம்சம் பாதையில் ஏறினாள். மகளும் ஏறி, முன்போலவே அவளுக்குப் பின்னால் நின்றாள். அம்சம் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சேறு அப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

"கால் வழுக்கிருச்சு" என்றாள்.

எழில்மொழி தன் காலிலிருந்த சேற்றை வழித்துப் போட்டாள்.

கால் மணி நேரத்தில் பைனாகுலரோடு தியாகேசன் பின்னாலிருந்து வருவது தெரிந்தது. அம்சம் பல்லைக் கடித்தாள். இந்தத் தடவை இறங்குவதில்லை. செத்தாலும் இறங்குவதில்லை. இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

பின்னால் சளக்கென்று சத்தம் கேட்டது. திரும்பினாள். தியாகேசன் இருபதடி தள்ளி வரும்போதே எழில்மொழி இறங்கிவிட்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. தலை மட்டும் குனியவில்லை.

தியாகேசன் அவளை நேராகக் கடந்து அம்சத்திடம் வந்தார். அம்சம் நகரவில்லை. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு, "சாரி சிஸ்டர்" என்று உடம்பை ஒருக்களித்தார். அவளும் ஒருக்களித்தாள். கடந்து போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா? நாற்பது வருஷமாக இவ்வளவேதானா?

வரிசை நகரத் தொடங்கியது. அம்சம் மகளிடம் கையை நீட்டினாள். "ஏறி வாம்மா. பார்த்தியா, அவரு திரும்புனாரு."

"பார்த்தேன்" என்றாள் எழில்மொழி. "நீ இறங்கச் சொன்னதையும் பார்த்தேன்."

நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. "யம்மா, மேல ஏறிக்கம்மா, உள்ள வாங்கிரும்" என்று முன்னாலிருந்து பக்கிரி கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, பாதை முடியும் வரைக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே நடந்து வந்தாள்.