பொம்மைக்கு எதற்கு வால்வு

துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ரயில் எஞ்சினைத் தையல்காரி பார்சல் அலுவலகக் கவுன்டரின் மேல் வைத்தாள். அந்தப் பக்கம் இருந்த அலுவலர் எஞ்சினைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கையைத்தான் பார்த்தார். கவுன்டரில் சாயக் கூடாது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. படித்தாள். சாய்ந்தபடியே நின்றாள்.

"அனுப்பணுமா? அது அடுத்த கவுன்டர்மா."

"வாங்கணும். இதோட வால்வு உங்ககிட்ட இருக்கு."

பின்னால் கொழுந்தன் பெருமூச்சு விட்டான். அண்ணன் இறந்ததிலிருந்து அண்ணியை எங்கும் தனியாக அனுப்பாமல் கூடவே வருவது அவனுடைய கடமையாகிவிட்டது. எங்கே போனாலும் சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று நச்சரிப்பதும் அந்தக் கடமையில் சேர்த்திதான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர், தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அவரே முதல் ஆளாக அதைச் சொல்லிச் சிரித்திருப்பார். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், பால்கனியின் ஒரு மூலையில், ஒரு பலகையையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு பல வருடங்களாக அவர் கட்டியது இந்த எஞ்சின். முழங்கை நீளம். செம்புக் கொதிகலன், இரும்புச் சக்கரங்கள். பேட்டரி கிடையாது. கொதிகலனில் தண்ணீர் ஊற்றி அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால், ஆவியின் பலத்தில் சக்கரம் சுற்ற வேண்டும்.

அதில் அவள் கையும் இருந்தது. பிஸ்டன் தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் இருக்க, எண்ணெயில் ஊறிய நூலைப் பின்னி இறுக்கமாகத் திணிக்க வேண்டும். லிஃப்ட் கம்பிகளை இழுத்துக் காய்த்துப்போன அவர் விரல்களுக்கு அது வசப்படவில்லை. "இங்க வா, உன் டிபார்ட்மென்ட்" என்று கூப்பிடுவார். பட்டன்ஹோல் தைத்த கை. ஒரே தடவையில் நூல் போய் உட்கார்ந்துவிடும். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மற்றவர்களுக்கு அது அவருடைய கிறுக்கு. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், கடைசி வரைக்கும் பொம்மையோடயே காலத்த ஓட்டிட்டாரு" என்றார்கள். தேநீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். சொல்லாமல் விட்ட பதில் இன்னும் உள்ளேயே இருந்தது.

கடைசியாகத் தேவைப்பட்ட பாகங்களை அவர் வெளிநாட்டுக் கடை ஒன்றில் வாங்கினார். சிறிய பொட்டலங்களுக்கு அப்போது வரி இல்லை. அதனால் பூனை குட்டிகளை இடம் மாற்றுவதுபோல ஒவ்வொன்றாக ஆர்டர் போட்டார். இந்த வாரம் திருகாணிகள், அடுத்த வாரம் குழாய், அப்புறம் அழுத்தமானி. தான் பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு. அவை எல்லாம் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார்; சட்டமும் மாறிவிட்டது. எவ்வளவு சிறிய பொட்டலமானாலும் வரி. அந்த வரியை வசூலிக்கும் வேலைக்குத் தனியாக ஒரு கட்டணம். அதுவும் பொட்டலத்துக்குப் பொட்டலம். மொத்தமாக வாங்கியிருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். இறந்தவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு, தைத்துச் சம்பாதித்ததிலிருந்து அவள் தண்டம் கட்டி, வந்த பாகத்தைத் தானே பொருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது. உயிரோடு இருப்பவர்மேல் வருகிற கோபம் அது.

இன்று கடைசிப் பொட்டலம். சேஃப்டி வால்வு. கொதிகலனில் அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுவது. "அது வர்ற வரைக்கும் இதுகிட்ட தீப்பெட்டியக் கொண்டுவராத, வெடிச்சிரும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அலுவலர் திரையைப் பார்த்தார். தொகையைச் சொன்னார். வால்வின் விலையைவிட அதிகம்.

"அண்ணி, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. திரும்பிப் போயிரும். ஆளே இல்ல, சாமானுக்குப் போய் காசு அழுவுறீங்க."

"உன் காசா?"

"இல்ல..."

"அப்ப பேசாம நில்லு."

அலுவலருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி, வீட்டில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு வந்த முகம். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி சொல்றேன்மா. இத எந்திர பாகம்னு போட்டா இவ்வளவு வரும். பொம்மைன்னு போட்டா கால்வாசிகூட வராது. பாக்கவும் பொம்ம மாதிரிதான இருக்கு? நீங்க ஒரு கையெழுத்து போடுங்க, நான் மாத்திக்கிறேன்."

கொழுந்தன் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதுங்க சார். பொம்மைதான். எங்க பாப்பாகூட ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கா."

அவள் எஞ்சினைப் பார்த்தாள். பிஸ்டன் தண்டின் கழுத்தில் அவள் திணித்த நூலின் நுனி எண்ணெய் மினுமினுப்போடு தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் பணம் மிச்சம். ஆனால் பால்கனியை எட்டிப் பார்த்தவர்கள் வாயால் சொன்னதற்கு, தன் கைப்பட எழுதிய சாட்சி ஒன்று அரசாங்க முத்திரையோடு கிடைத்துவிடும்.

"பொம்மைக்கு எதுக்குங்க சேஃப்டி வால்வு?"

"அது... சின்னதுதானம்மா. நிஜ ரயிலா என்ன?"

"அளவு சின்னதா இருந்தா நிஜம் இல்லியா? நீங்க சின்ன ஆபீசர். அதுக்காக உங்கள ஆபீசர் இல்லன்னு சொல்ல முடியுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக எஞ்சினைக் குனிந்து பார்த்தார். சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். பிஸ்டன் தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு தடவை தள்ளினார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

"தெரியுதுங்க. எந்திர பாகம்னே போடுங்க. ரசீதுலயும் அப்படியே வரணும். அப்புறம், வரி சரி. வரி வாங்குற வேலைக்குக் கூலியும் நாங்களே குடுக்கணுமா? இத யார்கிட்ட கேக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கேக்காம விட மாட்டேன்."

"கேட்டா கிடைக்காதும்மா."

"கிடைக்கலைன்னாலும் கேப்பேன்."

அவர் எழுதிக் கொடுத்தார். பணத்தை எண்ணி வைத்து, ரசீதையும் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அவள் வீட்டுக்கு நடக்கவில்லை. பெஞ்சின் மேல் துண்டை விரித்தாள். பையிலிருந்து இரண்டு மரக்கட்டைகள், தண்ணீர் பாட்டில், ஸ்பிரிட் விளக்கு, சின்ன ஸ்பானர், தீப்பெட்டி எல்லாம் வரிசையாக வெளியே வந்தன.

"அண்ணி, இங்கயா?"

"காத்தடிக்குது. அந்தப் பக்கம் மறைச்சு நில்லு."

பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். நெல்லிக்காய் அளவுகூட இல்லாத பித்தளை வால்வு. அதன் திருகு மரையில் ஒரு சுற்று நூல் சுற்றி, கொதிகலன் தலையில் திருகி இறுக்கினாள். தண்டவாளம் இல்லாததால் சக்கரங்கள் பெஞ்சில் படாமல் எஞ்சினைக் கட்டைகளின் மேல் தூக்கி வைத்தாள். தண்ணீரை ஊற்றி மூடி, விளக்கை ஏற்றினாள். பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். எதுவும் நடக்கவில்லை. அழுத்தமானியின் முள் செத்ததுபோலக் கிடந்தது. ஒருவர் கிளம்பிப் போனார்.

பிறகு முள் அசைந்தது. அவள் விரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டாள். அது தயங்கி, தண்ணீரைத் துப்பி, தானே சுற்றத் தொடங்கியது. நூல் வைத்த கழுத்தில் ஒரு துளி கசிவு இல்லை. முள் மேலே ஏறிக்கொண்டே போனது. தேநீர் குடிக்க வெளியே வந்த அலுவலர் கோப்பையோடு வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, விளக்க அணைச்சிருங்க. வெடிக்கப்போவுது."

அவள் அணைக்கவில்லை. உச்சியில் பித்தளை நடுங்கியது. அடுத்த கணம் வால்வு திறந்து, வெள்ளை ஆவி கிறீச்சென்று அவள் தலைக்கு மேலே எழுந்தது. கொழுந்தன் பின்னால் நகர்ந்தான். கூட்டமும் நகர்ந்தது. அவள் முகமெல்லாம் நனைந்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். எங்கும் போகாத சக்கரங்கள் அவளுக்கு முன்னால் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.