வெந்நீர் எடுக்கப் போன நேரம்

1

“அந்த வெந்நீரை எடுத்துடு.”

“எங்கேர்ந்து?”

“கதையிலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து?”

எடுக்கச் சொல்பவள் என் அக்கா. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே அவள் எங்கள் இருவரின் துணிகளையும் ஒரே பையில் திணித்துக்கொண்டிருக்கிறாள். எட்டுப் பேர் தங்கும் அறை. மற்ற ஆறு பேரும் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விமான நிலையப் பேருந்து வந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நேற்றுக் காலை நான் ஒரு திமிங்கலத்தைப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. கதையிலாவது பார்த்தாக வேண்டும் என்கிறாள்.

2

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய துறைமுகத்தில், துயரத்தின் நிறம் கொண்ட ஒரு படகு—’

(அக்கா எட்டிப் பார்த்து, பனி எங்கே இருந்தது, வெயில் மண்டையைப் பிளந்ததே என்றாள். மொழிபெயர்ப்பு நாவலாகப் படித்துத் தள்ளினால் எல்லாத் துறைமுகத்திலும் பனிதான் பெய்யுமாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: திமிங்கலம் காட்டும் சுற்றுலாப் படகின் கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம்.

அக்கா சும்மா விடுகிற ஆள் இல்லை. துறைமுகச் சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை ஓட்டினாள். எதிர்க்கரை சிமென்ட் ஆலைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் படகும் அதே நீர்வழியில்தான் போகிறது. பேருந்துக்கு எடுத்த நாள் சீட்டிலேயே அதில் ஏறிவிடலாம்.

“எந்தப் படகுல காசு அதிகம்னு திமிங்கலத்துக்குத் தெரியுமாடி?” என்றாள்.

கதையில் எதை மாற்றினாலும் இந்த வாக்கியத்தைத் தொடமாட்டேன்.

3

அக்காவைப் பாத்திரமாக நீங்கள் நம்புவீர்களா என்பது என் பயம். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இப்பத் தெரியுதா? இப்ப?’ என்று நாள் முழுக்க ஊரைக் கேட்பவள். சின்ன வயதிலிருந்தே திமிங்கலப் பைத்தியம். இந்தப் பயணமே அதற்குத்தான். அப்படிப்பட்டவளை எந்த எழுத்தாளராவது திமிங்கலம் எழும் நொடி பார்த்துப் படகின் கீழ்த்தளத்துக்கு அனுப்புவாரா?

நான் அனுப்பவில்லை. கீழ்த்தளத்தில் வெந்நீர் இலவசம்*. எங்களிடம் இரண்டு கப் நூடுல்ஸ் இருந்தது.

[* இந்தச் சொல்லைக் கண்டால் அக்காவின் கால் தானாகத் திரும்பும். பைக்குள் இப்போதுகூட எத்தனையோ கடைகளின் சர்க்கரைப் பொட்டலங்கள்.]

அவள் படியிறங்கினாள். தண்ணீர் நிறம் மாறியது. நீலத்துக்குள் ஒரு கருமை திரண்டு, மேலே, இன்னும் மேலே— முதுகு! முடியவே முடியாத முதுகு. ரயில் பெட்டிகளைப்போல வந்துகொண்டே இருந்தது. புஸ்ஸென்று அது விட்ட மூச்சு என் கண்ணாடியில் தெறித்தது. மீன் சந்தை வாடை. கடைசியில் வால் எழுந்தது, நீர் சொட்டச் சொட்ட, இரண்டு— [உவமை வேண்டும். கதவுகள்? சிறகுகள்? வேண்டாம். வால். வாலேதான்.]

“அக்கா” என்று அலறினேன். தூங்கிக்கொண்டிருந்த வேலையாட்கள் விழித்து, கடலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். மஞ்சள் தலைக்கவசக்காரர் ஒருவர் மட்டும் என் விரல் போன திசையில் பார்த்தார். பிறகு கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கப்புகளையும் சிந்தாமல் ஏந்தி அக்கா மேலே வந்தபோது கடலில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. சுற்றிலும் அலை, நடுவில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பு. வால் அழுத்திவிட்டுப் போன தடம். அது கலையும்வரை நின்று பார்த்தாள். திரும்பி வரும்போதும் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூடுல்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது.

4

முடிவு ஒன்று: வெந்நீர்க் குழாய் பழுது. வெறுங்கையோடு மேலே வருகிறாள், பார்க்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அதில் அக்கா ‘ஆஹா’ என்றாள். அவள் பிறந்ததிலிருந்து ஆஹா சொன்னதில்லை.)

முடிவு இரண்டு: திரும்பும் வழியில் அதே திமிங்கலம், அதே இடத்தில்— (அது என்ன டவுன் பஸ்ஸா என்றாள் அக்கா.)

மூன்றாவது உங்களுடையது. அவளைப் பார்க்க வைக்க முடிந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

நான் இறங்கி அக்காவின் கட்டிலில் உட்காருகிறேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறேன். மூன்றாம் பகுதியை உரக்கப் படிக்கிறேன், வெந்நீரை எடுக்கவில்லை. ஜிப்பைப் பிடித்த அவள் கை அப்படியே நிற்கிறது. அந்த மூச்சு வந்ததும் மூக்கைச் சுளிக்கிறாள். வால் இறங்குகிறது. வாசலில் பேருந்தின் ஹாரன்.

“இப்பத் தெரியுதா?” என்கிறேன்.

கண்ணைத் திறக்கவில்லை.

“மங்கலாத்தான் இருக்கு. தண்ணி நிறம் மாறுன எடத்துலேர்ந்து இன்னொரு தடவை படிடி.”